மட்டக்கம்பும் டிரம் செட்டும்

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் அக்கா குடியிருக்கும் லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. கட்டில், அலுமாரி, டீவி, சாமிப்படம் எல்லாம் அதற்குள்தான். போன மாதம் அதற்குள் ஒரு டிரம் செட்டும் குடிவந்தது. கலைந்துபோன ஓர் இசைக்குழுவிடம் மருமகன் அரைவிலைக்கு வாங்கி ஆட்டோவில் ஏற்றிவந்தான். 22 அங்குல பேஸ் டிரம் உள்ளே நுழைந்ததும் கட்டில் இஸ்தோப்புக்குப் போனது. கட்டிலோடு மச்சானும் போனார்.

மருமகன் படத்தில் பார்த்தபடி அடுக்கினான். சிம்பல்கள் கூரைத் தகரத்தை முட்டின. மிஞ்சிய மூலையில் ஒரு குட்டை ஸ்டூல். உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. சிம்பலைத் தொட பஸ்ஸில் கம்பி பிடிப்பவன்போலத் தொங்க வேண்டியிருந்தது. கால் மணி நேரத்தில், "மாமா, தோள் போச்சு" என்றான்.

முன்பெல்லாம் பெரிய டிரம்முக்கு ஒருவர், சின்னதுக்கு ஒருவர், சிம்பலுக்கு ஒருவர் என்று ஆள் இருந்தது. 1909இல் சிகாகோவில் வில்லியம் லட்விக் வேகமாக மிதிக்கத் தோதான ஒரு பெடலைச் செய்தார். அதுபோன்ற பெடல்கள் பரவியபின் மூன்று பேர் வேலை ஒருவர் தலையில் விழுந்தது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. ஆனால் ஓர் உடம்பு மூன்று பேர் வேலையைச் செய்வதென்றால் சாமான்கள்தான் உடம்பைத் தேடி வரவேண்டும். ஆகவே முதலில் ஸ்டூல். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி வைத்து, வெறுமனே உட்கார வேண்டும். பாதம் தானாக எங்கே விழுகிறதோ அங்கே பெடல். ஸ்னேர் தொடைக்கு இரண்டொரு அங்குலம் மேலே. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது மலையிலிருந்து அக்கா வந்தாள். கூடையை இறக்கிவிட்டு மகனைப் பார்த்தாள்.

"ஏண்டா, கொழுந்து மட்டம் கைக்கு எட்டாம ஒசந்தா என்னா செய்வாங்க?"

"கவ்வாத்து வெட்டுவாங்க."

"அப்ப வெட்டு."

கொழுந்து எடுக்க எடுக்கச் செடி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கை உயரும், தோள் கடுக்கும், எடை குறையும். அதனால்தான் சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து. நாள் முழுக்க இரண்டு கையாலும் வேகமாக வேலைசெய்ய எந்த உயரம் தோது என்பதை அக்காவிடம் கேட்காமல், நான் ஏன் லட்விக்கிடம் போனேனோ! கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பைக் குறுக்கே வைத்து ஸ்னேரையும் டாமையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். சிம்பலை ஒரு முழம் இறக்கினாள். சீமெந்துத் தரையில் அடிக்கு அடி முன்னால் நகர்ந்த பேஸ் டிரம்முக்கு அடியில் தன் படங்குச் சாக்கை விரித்தாள். அது நின்றது.

மருமகன் இடதுகைக்காரன். எல்லாவற்றையும் இடம்வலம் மாற்றட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். பீட்டில்ஸ் ரிங்கோ ஸ்டாரும் இடதுகைதான். வலதுகைக்காரர் செட்டிலேயே வாசித்தார், அந்த முரண்டிலேயே அவருக்கென்று ஓர் அடி பிறந்தது. தவிர, திருவிழா மேடையில் இருப்பது ஒரே செட். நம் பையனுக்காக யாரும் அதைத் திருப்பிவைக்கப் போவதில்லை.

பணிய லயத்திலிருந்து தப்படிக்கும் பெரியவர் ஒருவர் பார்க்க வந்தார். காமன் கூத்துக்கு வருடா வருடம் அடிப்பவர். செட்டைச் சுற்றிவந்து, "இத எங்க வச்சிக் காய்ச்சுவீங்க?" என்றார். பனியில் தோல் தளர்ந்தால் நெருப்பில் காட்டித்தானே தப்புக்குக் குரல் வரும்? இது பிளாஸ்டிக் தோல், நெருப்பு வேண்டாம் என்றேன். 1957இல் ரெமோ பெல்லி தொடங்கிய கம்பனி இந்தத் தோலுக்கு 'வெதர்கிங்' என்று, வானிலைக்கே ராஜா என்று பெயர் வைத்தது. லிந்துலைப் பனியிலும் ராஜாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரிவாரத்துக்குத்தான் ஆனது: ஸ்டாண்டின் திருகாணியெல்லாம் துருப்பிடித்து இறுகிவிட்டது. அக்கா வைத்த மட்டத்தை இனி தொரை வந்தாலும் மாற்ற முடியாது.

மறுநாள் பக்கத்துக் காம்பரா பெரியம்மா வாசலில் நின்றார். "அடிக்கிறவனுக்கு எல்லாம் தோதாக்கிட்டீங்க. கேக்குறவங்களுக்கு?"

பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளியைத் திணித்தால் சத்தம் அடங்கும் என்றான் மருமகன். பெரியம்மா போன கையோடு கம்பளிகளுடன் திரும்பினார். ஒன்று போதும் என்றோம்.

மூன்று கொண்டுவந்திருந்தார்.