இரண்டு சாய்கோடுகள்

2005 மாரியில் பாரிஸ் புறநகரான பொபினியில் நாங்கள் நாலு பேர் ஓர் அறையில் இருந்தோம். ஐந்தாம் இலக்க மெற்றோவின் கடைசி நிலையமான பப்லோ பிக்காசோவில் இறங்கி, ட்ராம் தண்டவாளத்தைக் கடந்து எட்டு நிமிடம் நடக்கவேண்டும். எனக்கு பஸ்ரிய் பக்கம் ஒரு றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவும் வேலை. கடைசிச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைசி மெற்றோவைப் பிடித்தால் அறைக்கு வர ஒன்றரை மணியாகும். மற்ற மூன்று பேரும் நித்திரையில் இருப்பார்கள். திரை வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழாமல் போர்வையால் என்னையும் கொம்பியூட்டரையும் சேர்த்து மூடிக்கொள்வேன். மூன்று மணி வரைக்கும் அந்தப் போர்வைக்குள் எழுதுகிற ஆளாக இருப்பேன்.

கிடைக்கிற அந்தத் தொண்ணூறு நிமிடத்தில், என் வலைப்பதிவின் அட்மின் பக்கம் திறக்கவே நாற்பது செக்கன் எடுத்தது. பதிவை வாசிக்க வருபவர்களுக்கு எல்லாம் சட்டென்று திறக்கும். எழுதப் போகிற எனக்குத்தான் உள் கதவு திறக்காது. பன்னிரண்டு மணிநேரம் நின்று வேலை செய்த உடம்புக்கு நாற்பது செக்கன் போதும். வெள்ளைத் திரையைப் பார்த்தபடியே தூங்கிப்போன இரவுகள் இருக்கின்றன. மெற்றோவில் மனதுக்குள் எழுதிக்கொண்டு வந்த முதல் வசனம் அதோடு போய்விடும்.

அந்த முதல் வசனத்துக்கு நாங்கள் கொடுத்த மதிப்பை இன்றைக்கு விளங்கப்படுத்துவது கடினம். தொண்ணூறுகளில் பாரிசிலிருந்து ‘எக்ஸில்’, ‘அம்மா’ என்று சிற்றிதழ்கள் வந்தன. அவற்றை லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் வாங்கி, ஒரு பிரதியைப் பத்துப் பேர் வாசித்தோம். அதில் ஒரு பக்கம் கிடைக்க ஆசிரியர் மனம் வைக்கவேண்டும், அச்சுக்குக் காசு சேரவேண்டும். பிறகு யுனிகோட் வந்தது. 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். பொபினியில் போர்வைக்குள் இருந்து ஒருவன் இரவு இரண்டு மணிக்கு எழுதுவதைச் சிட்னியில் ஒருவர் காலைத் தேத்தண்ணியோடு வாசித்தார். பதில் சொல்ல விரும்பினால், பின்னூட்டம் போடுவதைவிடத் தன் பதிவிலேயே ஓர் இடுகை எழுதி, நம்முடைய இடுகைக்கு இணைப்புக் கொடுப்பது பலருக்குப் பிடித்திருந்தது. கடிதத்துக்குக் கடிதம் போல.

தமிழுக்கு வலைப்பதிவு மென்பொருட்களில் சின்னச் சின்னத் தொல்லைகள் இருந்தன. இணையத்தில் புழங்கும் யுனிகோட் வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அதில் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். தரவுத்தளம் அதை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று எடுத்துக்கொண்டால், அந்தப் பைட் பிரெஞ்சின் சாய்கோடு போட்ட ‘அ’வாக மாறிவிடும். ஒருநாள் என் கட்டுரை முழுவதும் அந்த எழுத்து வரிசை வரிசையாக நின்றது. வேலைத்தலத்து உணவு அட்டையில் நான் தினமும் பார்க்கிற எழுத்து அது. அழுகை வந்துவிட்டது.

இணைய முகவரியில் இன்னும் மோசம். அங்கே ஒரு தமிழ்க் குறி ஒன்பது எழுத்தாக விரியும். என் வலைப்பதிவு ஓடிய வேர்ட்பிரஸ் மென்பொருள் ஓர் இடுகையின் பெயருக்கு ஒதுக்கியிருந்த இடம் 200 எழுத்து. 2006 சித்திரையில் நான் எழுதிய ஓர் இடுகைக்கு ‘கொடிகாமம் புகையிரத நிலையம்’ என்று தலைப்பு வைத்தேன். ‘கொடிகாமம்’ மட்டும் 81 எழுத்தைத் தின்றுவிட்டது. முகவரி ‘நிலைய’ என்று முடிந்தது. கடைசி ‘ம்’முக்கு இடமில்லை. அதை அப்படியே விட்டேன். 1990இல் வடபகுதி ரயில் நின்ற பிறகு அந்த நிலையத்துக்கும் கூரை மிஞ்சவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயிருந்தன. அம்மாவோடு யாழ்தேவி ரயிலுக்குக் காத்திருந்த ஒரு விடியற்காலையைத்தான் எழுதியிருந்தேன்.

அட்மின் பக்கத்துக்கு வருகிறேன். அந்த மென்பொருளைத் திறந்து பார்க்கலாம் என்பதே எனக்கு முதலில் தெரியாது. பொபினி எல்சா திரியொலே நூலகத்தில் பிஎச்பி நிரல்மொழி பற்றி ஒரு பிரெஞ்சுப் புத்தகம் எடுத்தேன். பிரெஞ்சும் பாதி, நிரலும் பாதி என்று இரண்டையும் ஒன்றாகப் படித்தேன். அந்த நேரத்தில் வேர்ட்பிரஸ்ஸின் வரலாறும் தெரியவந்தது. அதற்கு முன்னோடி பி2 என்றொரு மென்பொருள். அதை 2001இல் எழுதத் தொடங்கியவர் மிஷேல் வல்திரிகி என்ற பிரெஞ்சுக்காரர். அவர் சத்தமில்லாமல் ஒதுங்கிவிட, நிரல் திறந்த உரிமத்தில் இருந்தபடியால், அமெரிக்காவிலிருந்து மாட் முல்லன்வெக்கும் இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டிலும் அதை எடுத்து வளர்த்தார்கள். 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் முதல் பதிப்பு வந்தது. ஒருவர் விட்டுப்போனதை முன்பின் சந்திக்காத இருவர் எடுத்துக் கொண்டுபோகலாம் என்றால், நானும் ஒரு வரியைத் தொடலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது.

ஒவ்வொரு வரிக்கு முன்னும் பின்னும் நேரத்தை அச்சிடச் சொல்லி நிரலை ஓடவிட்டேன். இரண்டு இரவில் பிடிபட்டது. 2005 மாசியில் வந்த 1.5 பதிப்பில்தான் முகப்புப் பலகை என்ற பக்கம் சேர்ந்தது. அட்மினுக்குள் போனதும் முதலில் வருவது அது. அது திறக்கும்போது வெளியே மூன்று இடங்களுக்குப் போய்ச் செய்தியோடைகளை எடுத்துவரும். ஒன்று வேர்ட்பிரஸ் உருவாக்குநர்களின் அறிவிப்பு. இன்னொன்று அந்த மென்பொருள் உலகத்துச் செய்தி. மற்றது டெக்னோராட்டி தேடுபொறியிலிருந்து வரும் பட்டியல்: யார் யார் உங்கள் பதிவுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்பது. பிஎச்பி ஒரு வேலையை முடித்துத்தான் அடுத்ததைத் தொடும். மூன்று வீட்டுக் கதவையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டி, பதில் வரும்வரை நின்றது. எடுத்ததை ஒரு மணிநேரம் சேமித்து வைக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால் இரவில் ஒரே ஒருமுறை உள்ளே வருகிற என்னைப் போன்றவனுக்கு அது உதவவில்லை. நான் வரும்போதெல்லாம் சேமித்தது பழசாகியிருக்கும். நான் மலிவாக எடுத்திருந்த வழங்கியிலிருந்து வெளியே போகும் இணைப்பும் மந்தம். மூன்று காத்திருப்பும் சேர்ந்துதான் நாற்பது செக்கன்.

மருந்து சுலபம். ஓடையை எடுக்கச் சொல்லும் மூன்று வரிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு சாய்கோடு போட்டேன். சாய்கோடு போட்ட வரியை இயந்திரம் படிக்காமல் தாண்டிப்போகும். வரி கோப்பிலேயே கிடக்கும், வேண்டுமென்றால் பிறகு எடுக்கலாம். கோப்பை ஏற்றிவிட்டுப் பக்கத்தைத் திறந்தேன். மூன்று செக்கன். முகப்புப் பலகையில் முன்பு பட்டியல்கள் இருந்த இடம் வெறுமையாக, சுத்தமாக இருந்தது.

அந்தச் சந்தோசம் இன்னும் உடம்பில் இருக்கிறது. பிரான்சுக்கு வந்து ஏழு வருடத்தில், என் கையால் திருத்தி, திருத்தியபடி நடந்த முதல் விசயம் அது. வதிவிடக் காட் அலுவல், வாடகை, சம்பளம் எல்லாவற்றிலும் சொன்னதைக் கேட்டு நின்றவன் நான். ஞாயிற்றுக்கிழமை றூ கைய் தெருவில் தேத்தண்ணி குடிக்கும்போது, பதிவு எழுதுகிற ஒரு அண்ணைக்கு இதைச் சொன்னேன்.

“தம்பி, எனக்கும் அதை ஒருக்காச் செய்து தாரும்” என்றார்.

அவருக்குச் செய்துகொடுத்தேன். அவர் சொல்லி இன்னும் நாலு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் மூன்று வரி, ஆறு சாய்கோடு. ஒருவர்கூட “அந்தப் பட்டியலில் என்ன இருந்தது?” என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு மென்பொருளே திருந்திவிட்டது. பக்கம் முதலில் திறந்து, ஓடைகள் பின்னால் ஆறுதலாக வந்து சேரும்படி மாற்றினார்கள். 2008இல் வந்த 2.6இல் டர்போ என்று ஒரு வசதி இருந்தது, அட்மின் பக்கத்தின் கோப்புகளை நம் கணினியிலேயே வைத்துக்கொள்ளும். அதே வருடக் கடைசியில் 2.7 அட்மின் முழுவதையும் புதிதாக அடுக்கியது. நான் அதற்குள் இரண்டு வேலைக்கு மாறியிருந்தேன். 2009க்குப் பிறகு நெடுநாள் எதையும் எழுத முடியவில்லை. அதைப்பற்றி இங்கே சொல்லப் போவதில்லை.

இப்போதும் பொபினிதான். வேறு வீடு, மனைவி, பிள்ளைகள், சுவரில் ஃபைபர் இணைப்பு. வேலை ஒரு பாடசாலைச் சமையலறையில், பின்னேரம் நாலு மணிக்கு முடிந்துவிடும். அட்மின் பக்கம் நான் விரலை எடுக்குமுன் திறக்கிறது. நேரமும் இருக்கிறது, மேசையும் இருக்கிறது, போர்வை தேவையில்லை.

போன மாசியில் ஊருக்குப் போவதற்காக ரயில் நேரம் தேடினேன். 2014 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பியபோது கொடிகாமம் நிலையமும் திறந்தது. புதுக் கட்டடம், புதுக் கூரை. தமிழிலேயே ‘கொடிகாமம் புகையிரத நிலையம்’ என்று தட்டினேன். மூன்றாவது பக்கத்தில் பிளாக்ஸ்பொட் பதிவு ஒன்று வந்தது. 2006 ஆனியில் எழுதியது. எழுதியவர் புனைபெயர்க்காரர், அந்த ஊர்ப் பக்கமே இருப்பவர். “பாரிசிலிருந்து ஒருவர் எங்கள் நிலையத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்” என்று தொடங்கியிருந்தார். ‘ஒருவர்’ என்ற சொல்லில் ஓர் இணைப்பு. அதன்மேல் சுட்டியை வைத்தேன். அடியில் முகவரி தெரிந்தது: கொடிகாமம், புகையிரத, நிலைய. கடைசி ‘ம்’ இல்லை.

அவர் எழுதியிருந்தது பதினைந்து வரிதான். கூரை இல்லை என்று நான் எழுதியது சரி. ஆனால் ரிக்கற் கொடுக்கும் சுவர் நிற்கிறது, அதில் சின்ன வளைவுக் கதவும் இருக்கிறது. அம்மாவும் நீங்களும் இருந்ததாகச் சொல்லும் சீமெந்து வாங்கு எந்தப் பக்கம்? மீசாலைப் பக்கமா, மிருசுவில் பக்கமா? ஒரு பக்கத்து வாங்கு இன்னும் இருக்கிறது. தன்னிடம் கமெரா இல்லை. ஆனால் சொன்னால் யாரிடமாவது வாங்கிப் படம் எடுத்துப் போடுகிறேன், பதிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று முடித்திருந்தார்.

பிளாக்கர் பதிவுகள் வேர்ட்பிரஸ்ஸுக்குத் தானாக அறிவிப்பு அனுப்பாது. இரண்டுக்கும் அந்தப் பாசை பொதுவாக இல்லை. அப்படி ஒருவர் எழுதியிருக்கிறார் என்று எனக்குக் காட்டக்கூடிய ஒரே இடம், டெக்னோராட்டியிலிருந்து வரும் அந்தப் பட்டியல். அது என் பக்கத்தில் எப்போதும் வெறுமையாக இருந்தது. டெக்னோராட்டி வலைப்பதிவுகளைப் பட்டியலிடுவதை 2014இல் நிறுத்திவிட்டது, வேர்ட்பிரஸ்ஸும் அந்தப் பகுதியை எடுத்துவிட்டது. இனிச் சாய்கோட்டை எடுத்தாலும் தட்டுவதற்கு அங்கே கதவில்லை.

அவருடைய பதிவில் அதற்குப் பிறகு ஏழு இடுகைகள் இருக்கின்றன. ஒன்று மாம்பழச் சந்தை பற்றி, ஒன்று உதைபந்தாட்டம். கடைசி இடுகை அதே வருடம் ஆவணி முதல் கிழமை. அந்த மாதம் 11ஆம் திகதி, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை போரால் மூடப்பட்டது. நான் அப்போது அடுத்தடுத்த இடுகைகளை மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தேன். அறையில் எல்லோரும் “இவன்ர பக்கம் பறக்குது” என்றார்கள்.

பழைய வழங்கியை விடும்போது எடுத்துவைத்த சீடியைத் தேடி எடுத்தேன். வீட்டில் சீடி போடுகிற கணினி இல்லை, மகன் நண்பனிடம் ஒரு கருவி வாங்கி வந்தான். முகப்புப் பலகையின் கோப்பைத் திறந்து அவனுக்குக் காட்டினேன்.

“இது என்னப்பா, இந்த இரண்டு கோடு?”

“வேகமாத் திறக்க வேணுமெண்டு போட்டது.”

அவன் அந்த வரியைப் படித்துப் பார்த்தான். யார் இணைப்புக் கொடுத்தார்கள் என்று கேட்கிற வரி என்று அவனுக்கே விளங்கியது. ஒன்றும் சொல்லாமல் கருவியைக் கழற்றி உறையில் போட்டான்.

எனக்குச் செய்துகொண்ட மாதிரியே அந்த ஐந்து பேருக்கும் செய்துகொடுத்தேன் என்பது அன்றிரவுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு பேருடைய தொலைபேசி எண் இருக்கிறது. எடுத்துச் சொன்னேன். றூ கைய் அண்ணை நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்கும் ஆரும் எழுதியிருப்பினமோ?” என்று கேட்டார். தன் இடுகைத் தலைப்புகள் எவை என்று அவருக்கே இப்போது ஞாபகமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து இணைய ஆவணகத்தில் அவருடைய பழைய பக்கங்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை பதினொன்று கிடைத்திருக்கிறது.

கொடிகாமத்துக்காரருடைய அந்த இடுகையின் கீழே பின்னூட்டப் பெட்டி இன்னும் திறந்துதான் இருந்தது. நான் எழுதினேன்: “மன்னிக்கவேண்டும், இன்றைக்குத்தான் பார்த்தேன். மிருசுவில் பக்கத்து வாங்கு. அம்மா 2011இல் காலமாகிவிட்டார். படம் எடுத்திருந்தால் எனக்கு வேண்டும்.” அனுப்பியதும், பதிவின் உரிமையாளர் ஒப்புதல் தந்த பிறகே இது தெரியும் என்று ஒரு வரி வந்தது.

அது மாசி. இப்போது வைகாசி. வேலையால் வந்ததும் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்கிறேன்.