மலைக்கு அந்தப் பக்கம் ஹிட்லர்

கேள்வி: 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் பிழைகள் நிறைய என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். கதை நடப்பது 1930-களின் கடைசியில், ஆஸ்திரியாவில். சந்தைக் காட்சியில் ஆரஞ்சுப் பெட்டியை உற்றுப் பாருங்கள். இஸ்ரேல் விளைச்சல் என்று அச்சிட்டிருக்கும். இஸ்ரேல் பிறந்ததோ 1948-ல். நாட்டுக்கு முன்பே பழம் சந்தைக்கு வந்துவிட்டது!

முடிவில் கதையின் நாயகர்களான ட்ராப் குடும்பம் மலையேறி ஸ்விட்சர்லாந்துக்குத் தப்புகிறது. ஆனால் சால்ஸ்பர்க்கை ஒட்டிய மலையைத் தாண்டினால் வருவது ஜெர்மனி. ஹிட்லரின் மலை மாளிகை இருந்ததும் அந்தப் பக்கம்தான்! நிஜ ட்ராப் குடும்பம் பகலிலேயே ரயிலேறி இத்தாலி போய்ச் சேர்ந்தது. படத்தில் ரயிலேறினால் கைதட்டு விழுமா?

திரைக்குப் பின்னாலும் சுவாரசியங்கள் உண்டு. குடும்பத் தலைவரான கேப்டனாக வரும் கிறிஸ்டோஃபர் பிளம்மரின் பாட்டுக் குரல் பெரும்பாலும் பில் லீ கொடுத்த இரவல். புல்வெளியில் நாயகி ஜூலி ஆண்ட்ரூஸ் சுழலும் முதல் காட்சியை ஹெலிகாப்டரிலிருந்து எடுத்தார்கள். அது திரும்பும்போதெல்லாம் காற்று அவரைக் கீழே தள்ளியது. எழுந்தார், சேற்றைத் துடைத்தார், அடுத்த டேக்குக்குச் சிரித்த முகத்தோடு நின்றார். திரையில் அந்தக் களைப்பு துளியும் தெரியாது. அதுதான் நடிப்பு.

சிறந்த படம் உள்பட 5 ஆஸ்கர் வாங்கிய படம் இது. அந்த ஆரஞ்சுப் பெட்டியில் உள்ள எழுத்தைப் படிக்கவே நாலு தடவை பார்க்க வேண்டும். பிழை தேடி வருபவரையும் ரசிகராக்கிவிடுகிறதே, ஒரு படத்துக்கு வேறென்ன பாராட்டு வேண்டும்?