நரைக்கு 1,200, காலுக்கு 1,500

வாய்யா மாப்ளே. அறுபது முடிஞ்ச கையோட முதியோர் பென்ஷனுக்கு, அதான் ஓஏபிக்கு, மனு எழுதிட்டியாமே, இ-சேவை மையத்துப் பையன் சொன்னான். எதுலயும் முந்திக்கிற ஆளு இல்லையே நீன்னு நெனச்சேன். உக்காரு. அங்கன வேணாம், பூனை குட்டி போட்டிருக்கு. இப்படி வா.

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதே. உன் இடது காலு உனக்கு எப்பயாவது ஞாபகம் வருமா? ரெண்டு வயசுல போலியோ வந்து சூம்பினது. அதை வச்சுக்கிட்டே தையல் மிஷின் மிதிச்ச, பொண்ணைக் கட்டிக் கொடுத்த, எல்லாம் சரி. ஆனா கவர்மெண்டுகிட்ட காட்டவேண்டிய நேரத்துல மட்டும் காலை வீட்டுல விட்டுட்டு நரையைத் தூக்கிட்டுப் போறியே, நரை என்ன விலை போகுதுன்னு விசாரிச்சியா?

நரைக்கு மாசம் 1,200. 2023 ஆகஸ்டுலேர்ந்து அதான் கணக்கு, அதுக்கு முன்னாடி 1,000. காலுக்கு 1,500, அது 2023 ஜனவரியிலயே ஏறிடுச்சு. ரெண்டும் ஒரே வருவாய்த்துறை, ஒரே தனி தாசில்தாரு கையெழுத்து. 300 ரூபா வித்தியாசம். அதை விட்டுட்டு வர்றதுக்கு நீ என்ன மிராசுதாரா?

அந்த 300 எங்கேருந்து வந்துச்சுன்னு கேளு. 2016ல டெல்லியில மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. அதுல 24ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, மத்தவங்களுக்குக் கொடுக்கிற உதவித்தொகையை விட மாற்றுத்திறனாளிக்குக் குறைஞ்சது கால் பங்கு கூடுதலாக் கொடுக்கணும். சட்டம் 2017 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்துச்சு. ஆனா 2022 கடைசி வரைக்கும் கிழவனுக்கும் ஆயிரம், கால் இல்லாதவனுக்கும் ஆயிரம். அப்புறம் ஒரு வழியா ஏத்தினாங்க. இப்ப 1,200க்குக் கால் பங்கு எவ்வளவு? 300. கூட்டிப் பாரு. 1,500. சரியா அந்தக் கோட்டுலயே வந்து நிக்குது, ஒத்த ரூபா தாண்டலை. ‘குறைஞ்சது’ன்னு சட்டம் போட்டா, ‘அதுக்கு மேல கூடாது’ன்னு படிக்கிறதுல நம்மாளுங்களை அடிச்சுக்க முடியாது. ஆந்திராவுல 2024 ஜூலைலேர்ந்து வயசானவங்களுக்கு 4,000, மாற்றுத்திறனாளிக்கு 6,000, எழுந்திரிக்கவே முடியாம கிடக்கிறவங்களுக்கு 15,000. அதைச் சொல்லித்தான் நம்ம சங்கத்துக்காரங்க மூணுசக்கர வண்டியோட வந்து ரோட்டுல உக்காருறாங்க. நீ என்னைக்காவது போய் உக்காந்திருக்கியா? நடக்க முடியலைன்னு சாக்கு சொல்லுவ. அதுக்குத்தானேய்யா போராட்டமே.

ரெண்டையும் வாங்கிக்கிட்டா என்னங்கிறியா? அந்த ஆசை எனக்குத் தெரியும், உன் மூஞ்சியிலயே ஓடுது. நடக்காது. ஒரு ஆளுக்கு ஒரு பென்ஷன்தான். கவர்மெண்டு கண்ணுக்கு நீ ஒண்ணு கிழவன், இல்ல மாற்றுத்திறனாளி. ரெண்டாவும் ஒரே உடம்புல இருக்கிறவனைப் பத்தி எந்த ஃபாரத்துலயும் கட்டம் கிடையாது. அதனால எந்த வாசல் வழியா உள்ள போறேங்கிறதை முதல்லயே முடிவு பண்ணணும். உன் ஆதாருக்கு நேரா ஒரு தடவை ஓஏபின்னு ஏறிடுச்சுன்னா, அதை இறக்கிட்டுத்தான் அடுத்ததை ஏத்தணும். ஏத்துறதுக்கே எத்தனை செருப்பு தேயுதுன்னு பாத்திருக்க. இறக்கி ஏத்துறதுக்கு உன் ஒத்தைச் செருப்பு தாங்காது.

டெல்லிக் கணக்கு தனி. அதைக் கேட்டா சிரிப்பே. 60லேர்ந்து 79 வரைக்கும் இருக்கிற கிழவனுக்கு அந்தத் தொகையில டெல்லி பங்கு 200 ரூபா. மாற்றுத்திறனாளிக்கு 300, அதுவும் 80 சதவீதம் இருந்தாத்தான், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தாத்தான், 18லேர்ந்து 79 வயசுக்குள்ள இருந்தாத்தான். 80 பொறந்த அன்னைக்கு என்னா ஆகும்? அந்தப் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்து முதியோர் பட்டியல்ல போட்டுடணும். காலு முளைச்சிருச்சுன்னு அர்த்தமில்ல, வயசு காலை முழுங்கிடுச்சுன்னு அர்த்தம். 80க்கு மேல டெல்லி 500 கொடுக்குது. எனக்கும் 80 தாண்டியாச்சே. அந்த மாசம் 300 கூட வரும்னு பேத்திகிட்ட பீத்திக்கிட்டேன். வந்தது அதே தொகை. டெல்லி பங்கு ஏறிச்சு, மெட்ராஸ் பங்கு அந்த அளவுக்கு இறங்கிச்சு. நான் எண்பது வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்ததுல லாபம் பாத்தது கோட்டையிலதான்.

இப்ப உன் கதைக்கு வர்றேன். உன் மாற்றுத்திறனாளி அட்டையில என்னா போட்டிருக்கு? 65 சதவீதம். அட்டை மஞ்சக் கலரு. 40லேர்ந்து 80க்குள்ள இருந்தா மஞ்சள், 80ம் அதுக்கு மேலயும்னா நீலம், 40க்குக் கீழ வெள்ளை. 1,500க்கு 40 சதவீதம் போதும், அதனால இப்ப நீ தப்பிச்ச. ஆனா மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில பராமரிப்பு உதவித்தொகைன்னு இன்னொண்ணு இருக்கு, மாசம் 2,000. கை கால் கடுமையா பாதிச்சவங்களுக்கு அது 75 சதவீதத்துலதான் ஆரம்பம். மூளை வளர்ச்சி குறைஞ்ச பிள்ளைங்க, தொழுநோய் பாதிச்சவங்க, தசைச்சிதைவு நோய்க்காரங்க, இவங்களுக்கெல்லாம் 75 வேணாம், 40 இருந்தா சரி. அதை வாங்கினா தாசில்தாரு ஆபீஸ் 1,500 கிடையாது. அங்கயும் ஒண்ணுதான். ஆபீஸ் மட்டும் வேற, அது திருவாரூரு கலெக்டர் ஆபீஸ்ல.

65 எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? சதவீதம் பாக்குற முகாமுக்குக் கூட வந்தவன்தானே நான். மூணு டாக்டருங்க உக்காந்திருந்தாங்க. முன்னாடி போனவரு முனகிக்கிட்டே போனாரு. உன் முறை வந்ததும் சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டே, மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போறவனாட்டம் நெஞ்சை நிமித்திட்டு நடந்தியே! டாக்டரம்மா முட்டியைப் பிடிச்சு அழுத்தி, “வலிக்குதா?”ன்னு கேட்டாங்க. “லேசா” அப்படின்னே. “மாடி ஏறுவீங்களா?” “ஏறுவேன்”. எந்த மாடிய்யா? உன் வீட்டுக்கு மாடியே கிடையாது. “சம்மணம் போடுவீங்களா?”ன்னதுக்குச் சிரிச்ச பாரு ஒரு சிரிப்பு. ஊர்ல எல்லாரும் இருக்கிற நோயைக் கூட்டிச் சொல்லுவாங்க. வந்த நோயைக் குறைச்சுச் சொல்லி பத்து சதவீதத்தைத் தாரை வார்த்தவன் இந்தத் தாலுகாவுலயே நீ ஒருத்தன். வேட்டியில்லாம பேண்டு போட்டுட்டுப் போனதைப் பத்தி நான் பேசலை. சூம்பின காலைத் துணிக்குள்ள ஒளிச்சு வச்சா அவங்க எதைப் பாத்து எழுதுவாங்க?

எந்த வாசல் வழியா உள்ள போறோங்கிறது சீமையிலயும் முக்கியமாம். கிழக்குத் தெரு பேரன் ஒருத்தன் லண்டன்ல இருக்கான், அவன் சொன்னது. அங்க வயசுக்கு உண்டான பென்ஷன் தனி, உடம்பு முடியாததுக்கு உண்டான பிஐபி தனி, ரெண்டையும் சேத்து வாங்கலாம். அது பெரிய மனசுதான். ஆனா ஒரு சூட்சுமம் வச்சிருக்கான் வெள்ளைக்காரன். பென்ஷன் வயசு வந்துட்டா, அதுக்கப்புறம் புதுசா பிஐபி கேக்க முடியாது. முன்னாடியே வாங்கிட்டு இருந்தா தொடரும். இல்லாட்டி அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்னு வேற ஒண்ணு, அதுல நடமாட்டத்துக்குன்னு காசே கிடையாது. கெழடு தட்டினா காலு வலிக்கத்தானே செய்யும், அதுக்கு என்னத்துக்குக் காசுன்னு நெனச்சுட்டான் போல. பாத்தியா, அங்கயும் காலை முன்ன வச்சவன் பொழைச்சான், வயசை முன்ன வச்சவன் நின்னுட்டான்.

உன் வீட்டுக்காரி, அதான் நம்ம தங்கச்சி, அவ கணக்கும் ஒண்ணு இருக்கு. அவளுக்கு மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் வருதில்ல? 2023 செப்டம்பர்ல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வீட்டுல யாராவது பென்ஷன் வாங்கினா அந்தக் குடும்பத்துக்கே கிடையாதுன்னுதான் முதல்ல சொன்னாங்க. அப்புறம் தளர்த்திட்டாங்க. நீ வாங்கினா அவ ஆயிரம் போகாது. அவளே தன் பேர்ல ஓஏபி வாங்கினாத்தான் ஆயிரம் நின்னுபோகும். அவளுக்கும் அறுபது வரும்ல, அப்ப ஓஏபிக்கு மாறினா கூடுதல் 200 ரூபா. அந்த 200க்காக அவ வயசை ஊர் பூரா எழுதிக் கொடுக்கச் சம்மதிப்பாளான்னு நீயே கேட்டுக்க. நான் கேக்க மாட்டேன்.

பென்ஷன் வந்துட்டா போதும்னும் நெனக்காதே, கைக்கு வரணும். மணியார்டர் காலத்துல தபால்காரரு வாசல்ல வந்து கொடுப்பாரு, ரெண்டு காசு நம்மளா கொடுத்தா வாங்கிக்குவாரு. இப்ப பேங்க் பொண்ணு மிஷினைத் தூக்கிட்டு வருது. கட்டை விரலை வைன்னுச்சு. வச்சேன். பச்சை லைட்டு வரலை. துணியால துடைச்சுது, வரலை. “தலையில தேய்ச்சிட்டு வைங்க தாத்தா, எண்ணெய் பட்டா எடுக்கும்”னுச்சு. என் மண்டையைப் பாரு, வழவழன்னு கோனேஸ்வரர் கோயில் படிக்கட்டு. அறுபது வருஷம் நாத்து பறிச்ச விரலு, குறுவைக்கு ஒரு கோடு, தாளடிக்கு ஒரு கோடுன்னு ரேகையெல்லாம் வயலுக்கே போயிடுச்சு. கடைசியில மோதிர விரல் எடுத்துச்சு. மோதிரமே போடாத விரலு, அதனால தேயலை.

தாமதம் ஆனா அசராதே. நம்ம ஊரு குடவாயில் சிறையிலதான் சேரமான் கணைக்கால் இரும்பொறையைப் போட்டு வச்சிருந்தாங்கன்னு சொல்லுவாங்க. தாகத்துக்குத் தண்ணி கேட்டாரு, அவமதிச்சு லேட்டா கொண்டாந்தாங்க, ரோஷப்பட்டுக் குடிக்காமயே உசிரை விட்டுட்டாரு. அவரு ராஜா. உனக்கு அந்த ரோஷமெல்லாம் ஆகாது, எத்தனை மாசம் கழிச்சு வந்தாலும் வாங்கிக் குடிச்சிடு. இழுத்தடிச்சா திங்கக்கிழமை திருவாரூருல மனு கொடு. கன்னுக்குட்டி செத்ததுக்கு மாடு வந்து மணி அடிச்ச ஊரு அது. மாட்டுகிட்ட ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேக்கலை. உன்கிட்ட கேப்பாங்க, அதனால ரெண்டு காப்பியா எடுத்துக்க. ஆதாரு, அட்டை, பேங்க் புக்கு, போட்டோ. சொத்து ஒரு லட்சத்துக்குள்ளதான்னு வி.ஏ.ஓ. எழுதணும். மகன் வாங்கின பைக்கை அன்னைக்கு மட்டும் வாசல்ல நிறுத்தாதேன்னு நான் சொல்ல மாட்டேன், அது தப்பு. கொட்டாய்க்குப் பின்னாடி நிழல் நல்லா இருக்குன்னு மட்டும் சொல்றேன்.

சரி, ஓஏபி மனுவை விட்டுத் தள்ளு, காலுக்கு எழுது. அடுத்த முகாம்ல சதவீதத்தை மறுபடி பாக்கச் சொல்லிக் கேளு. இந்தத் தடவை வேட்டி கட்டிட்டுப் போ. டாக்டரு என்ன கேட்டாலும் நீ வாயைத் திறக்கப்படாது, தங்கச்சியைக் கூட்டிட்டுப் போ. ராத்திரியில எத்தனை தடவை முனகுறே, குளியலறைச் சுவத்தை எங்க பிடிக்கிறேன்னு முப்பது வருஷமா தெருவுக்கே சொல்லிட்டிருக்கா, மூணு டாக்டருக்குச் சொல்றதா அவளுக்குக் கஷ்டம்? டவுன் பஸ்ஸா பாத்து ஏறுங்க. 2021லேர்ந்து உனக்கும் டிக்கெட் இல்ல, உன் துணைக்கு வர்றவளுக்கும் இல்ல. பொம்பளைங்கிறதால அவளுக்கு ஏற்கனவே இல்ல. ரெண்டு இலவசம் சேந்திருக்கேன்னு கண்டக்டர்கிட்ட மிச்சக் காசு கேட்டு வைக்காதே, அங்கயும் ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்.