கப்பலேறும் குடும்பம்

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை எந்தக் கடலுக்குக் கூட்டிப்போவது? இந்தக் கவலை திருத்தணிக்கும் வந்துவிட்டது. ஊரில் உள்ள தண்ணீர் நந்தியாறும் சரவணப் பொய்கையும்தான். அதனால் என்ன, ரயிலேறினால் சென்னைத் துறைமுகம்!

2022 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய கார்டீலியா சொகுசுக் கப்பல் இதற்கு அருமையான வழி கண்டது. இரண்டு ராத்திரித் திட்டத்தில் சென்னையில் ஏறி, நடுக்கடலைப் பார்த்துவிட்டு, சென்னையிலேயே இறங்கலாம். எங்கே போவது என்று புருஷன் பெண்டாட்டி சண்டைக்கே இடமில்லை. இன்னொரு நீண்ட திட்டத்தில் வழியில் இருந்த புதுச்சேரிதான், சூதாட்டம் அது இது என்று எதிர்ப்பு கிளம்பி, முதல் பயணத்தில் கப்பலைக் கரை ஒதுங்க விடவில்லை. வயிற்றெரிச்சல், வேறென்ன?

பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியும் உண்டு. கப்பலிலேயே செயற்கைப் பாறைச் சுவர் வைத்திருக்கிறார்கள். ஊரிலேயே தணிகை மலை முருகன் கோயிலுக்கு, வருஷத்து நாளுக்கு ஒன்றாக, 365 படி சும்மா கிடக்கிறதுதான். அதில் ஏறினால் பிஞ்சுக் கால் என்னத்துக்கு ஆகும்? அங்கே மேலே வரைக்கும் கார். பணம் கட்டி, இடுப்பில் கயிறு மாட்டிக்கொண்டு ஏறினால்தான் குழந்தைக்குத் தன்னம்பிக்கை வளரும்.

பாட்டிக்குத்தான் பிடிபடவில்லை. "ஏம்பா, தண்ணி மேல சுத்திட்டு ஏறின எடத்துலயே எறங்குறதா? ஆடிக் கிருத்திகைக்கு நம்ம முருகன் பொய்கையில மூணு நாளு அதைத்தானே பண்றாரு, தெப்பத்துல?"

மகன் செல்போனிலிருந்து தலை நிமிர்ந்தார். முகத்தில் பிரகாசம்.

"மூணு நாளா? சாப்பாடு சேர்த்தாம்மா? பசங்களுக்கு அரை டிக்கெட்டா?"