சுகமாணோ சார் மலை ஏறிய கதை

எனக்கு மலை ஏறத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் தெரிந்தால் உங்களுக்குக் கோபம் வரும். வழிகாட்ட வந்தவருக்கு வந்தது.

பிறந்து வளர்ந்தது பல்லாவரம். அங்கேயும் மலை உண்டு. ஆனால் நான் பிறப்பதற்கு முன்பே அதில் பாதியை உடைத்து ஜல்லியாக்கிச் சென்னைக்காரர்கள் வீடு கட்டிவிட்டார்கள். மிச்சத்தில் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறேன், அறுந்துபோன பட்டத்தை எடுக்க. பட்டம் கிடைக்கவில்லை. என்னைத்தான் யாரோ எடுத்துவந்து வீட்டில் கொடுத்தார்கள்.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. புது மாவட்டம், புது அலுவலகங்கள், புது நாற்காலிகள். அதில் ஒரு நாற்காலியில் உட்கார என்னை அனுப்பினார்கள். எந்த அலுவலகம் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால், "திங்கட்கிழமை வந்து பாருங்க" என்று சொல்லிவிடுவேன். பழக்கதோஷம்.

என் மேஜை ஜன்னல் ஓரம். மழை பெய்து வெளுத்த நாளில் தூரத்தில் நீலமாக ஒரு கோடு தெரியும். கல்வராயன் மலை. ஐந்து வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். பல்லாவரத்து நண்பர்களிடம் போனில், "நமக்கென்னப்பா, தினமும் மலையோடதான்" என்பேன். நடுவில் ஜன்னல் கம்பி இருந்ததைச் சொன்னதில்லை.

வந்த புதிதில் சக ஊழியர் ஒருவர், "மேல இருக்கறவங்க எல்லாம் மலையாளிங்க சார்" என்றார். எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த மொழிப்புலி எழுந்துவிட்டது. நாலு மோகன்லால் படம் பார்த்தவன் நான். மறுநாள் மலையிலிருந்து மனு கொடுக்க வந்த பெரியவரை எழுந்து நின்று வரவேற்று, "சுகமாணோ சேட்டா?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்து மேஜையிடம் தணிந்த குரலில் கேட்டார்: "சாருக்குத் தமிழ் வராதா?"

மலையாளி என்றால் இங்கே மலையை ஆள்கிறவர். பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்ததாக அவர்களுக்குள் ஒரு வழிவழிக் கதை உண்டு. கொல்லிமலை, சேர்வராயன், பச்சைமலை, ஜவ்வாது என்று பரவியிருக்கிற அவர்கள்தான் தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள். இத்தனையும் அன்றைக்குச் சாயங்காலம் தெரிந்துகொண்டேன். காலையில் தெரிந்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும்.

மலை ஆசையை மூட்டிவிட்டது அரசாங்கம். 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 மலைப் பாதைகளை வழிகாட்டியோடு திறந்தார்கள். பட்டியலில் கள்ளக்குறிச்சியைத் தேடினேன். இல்லை. "நம்ம மாவட்டத்தை விட்டுட்டாங்களே!" என்று ஆபீசில் எல்லார் முன்னாலும் பொங்கினேன். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது.

ஆனால் பொங்கியதை எங்கள் அலுவலக உதவியாளர் நிஜம் என்று நம்பிவிட்டார். அவருக்கு வெள்ளிமலைப் பக்கம் ஒரு மச்சான். "ஆளு ரெடி சார்" என்று வந்து நின்றார். மழை என்றேன், பனி என்றேன், பொங்கல் என்றேன். எல்லாம் வரிசையாக முடிந்துபோயின.

பிப்ரவரிக்கு மேல் காட்டுத்தீ காலம் என்றேன். அது மட்டும் சாக்கு இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கியவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். மலையேற்றத்துக்கு அரசு தனியாக விதி எழுதியதே அதற்குப் பிறகுதான். நாங்கள் போக நினைத்தது ஊர்க்காரர்கள் நடக்கிற வழியில் இருக்கும் ஒரு பாறை முகடு. அதற்கும் வனத்துறையில் கேட்டுக்கொண்டோம். "வழியை விட்டு விலகாதீங்க" என்றார்கள். வழியில் நிற்கவே நான் படப்போகும் பாடு அவர்களுக்குத் தெரியாது.

ஜூன் மாதம் என்று முடிவானது. தயாரிப்பில் குறை வைக்கவில்லை. ஆன்லைனில் ஷூ, மடக்குகிற கைத்தடி, உறிஞ்சிக் குடிக்கிற குழாய் வைத்த தண்ணீர்ப் பை. எல்லாம் சேர்த்து அந்த மாத வீட்டு வாடகையைவிட அதிகம். நடைப்பயிற்சி மட்டும் செய்யவில்லை. அதை ஆன்லைனில் விற்கவில்லை.

படிக்கவும் செய்தேன். கையும் காலும் ஊன்றிப் பாறையில் தொற்றி ஏறுவதற்கு 'ஸ்கிராம்பிளிங்' என்று பெயராம். அதுவரை எனக்குத் தெரிந்த ஸ்கிராம்பிள், முட்டைப் பொடிமாஸ்தான். அங்கே முட்டையைக் கிளறுவார்கள். இங்கே நம்மை.

ஸ்காட்லாந்தில் 3000 அடி தாண்டிய சிகரங்களுக்கு 'மன்ரோ' என்று பெயர். ஹியூ மன்ரோ என்பவர் 1891-இல் பட்டியல் போட்டார். இன்றைய கணக்கில் 282. எல்லாவற்றையும் ஏறி முடிப்பது அங்கே பலருக்கு வாழ்நாள் லட்சியம். ஆனால் மன்ரோ 1919-இல் இறந்தபோது, ஸ்கை தீவில் சுவர் மாதிரி நிற்கிற ஒரு பாறை முனை அவருக்கே பாக்கி இருந்தது. படித்ததும் அவர்மேல் பிரியம் வந்துவிட்டது. பட்டியல் போட்டுவிட்டு வேலையைப் பாக்கி வைப்பதில் எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது.

விடிகாலை பஸ். கச்சிராயபாளையம் தாண்டி மலையடியில் கோமுகி அணை. முழுக் கொள்ளளவு 46 அடி. அன்றைக்கு எத்தனை அடி இருந்தது என்று எட்டிப் பார்த்து வைத்துக்கொண்டேன், ஊரில் சொல்ல. அதற்கப்புறம் வளைவுகள். மூன்றாவது வளைவில் ஜன்னலோரம் இருந்தவரைத் தாண்டித் தலையை வெளியே நீட்டினேன். அன்றைய தினத்தின் முதல் ஸ்கிராம்பிளிங் அதுதான்.

கரியாலூர் வந்ததும் காற்று குளிர்ந்தது. மரவள்ளிக் கொல்லைகள், சாமை விதைக்க உழுத சரிவுகள். வெள்ளிமலைக்கு முன்னாலேயே ஒரு நிறுத்தத்தில் மச்சான் காத்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயசு, தோளில் துண்டு, இடுப்பில் அரிவாள், காலில் ரப்பர் செருப்பு. என் ஷூவை, தடியை, முதுகிலிருந்து வாய்க்கு வந்த குழாயை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "உடம்புக்கு ஏதாவதா சார்?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கேண்ணே."

குரலைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அட, நீங்கதானா சுகமாணோ சார்?"

ஐந்து வருஷமாக மலையில் எனக்கு அதுதான் பெயர். என் நிஜப் பெயர் எங்கள் அலுவலகப் பலகையில் எழுதியிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை போல.

"எவ்வளவு தூரம்ணே?" என்றேன். "கூப்பிடு தூரம்தான்." இதை நம்பாதீர்கள். அவர் கூப்பிட்டால் அடுத்த கரடில் ஆடு மேய்க்கிறவர் திரும்பிப் பார்க்கிறார். நான் கூப்பிட்டால் அடுக்களையில் இருக்கிற என் மனைவிக்கே கேட்பதில்லை. அவரவர் தொண்டையைப் பொறுத்தது தூரம்.

முக்கால் மணியில் குதிகாலில் கொப்புளம். ஷூ புதுசு, கால் பழசு, இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. காடு அடர்ந்த இடத்தில், "கரடி இருக்குமாண்ணே?" என்று கேட்டேன். "இருக்கும் சார். நீங்க மூச்சு வாங்கற சத்தத்துக்கு இந்நேரம் சேலம் தாண்டியிருக்கும்."

தண்ணீர்ப் பை காலி. குழாய் வாயிலேயே இருந்ததால் வழியெல்லாம் உறிஞ்சியிருக்கிறேன். அவர் துண்டு முடிச்சிலிருந்து காய்ந்த கடுக்காய் ஒன்றை எடுத்துத் தட்டி, "வாயில அடக்கிக்குங்க, தாகம் தெரியாது" என்றார். கல்வராயன் கடுக்காய்க்குச் சந்தையில் நல்ல பெயர். ஆனால் பல்லாவரத்தில் கடுக்காய் கொடுப்பது என்றால் ஏமாற்றுவது. சந்தேகத்தோடு அடக்கிக்கொண்டேன். துவர்ப்பில் நாக்கு மடங்கி, பதினைந்து நிமிஷம் என்னால் பேச முடியவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு பாறை வந்தது. இரண்டு ஆள் உயரத்துக்குக் கருத்த பாறை, அதற்கு மேல் சரிவு, சரிவுக்கு மேல் இன்னொரு பாறை.

புத்தகப் படிப்பு எனக்கு அத்துப்படி. இரண்டு கை, இரண்டு கால், நாலில் மூன்று எப்போதும் பாறையில் இருக்க வேண்டும். ஒன்றைத்தான் நகர்த்த வேண்டும். பிடியைத் தட்டிப் பார்த்த பிறகே பாரத்தைப் போட வேண்டும். முக்கியமாக, பாறையைக் கட்டிப்பிடிக்கக் கூடாது. உடம்பு ஒட்ட ஒட்டக் காலடி வழுக்கும். மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போய், ரயிலில் அனுப்பிய தங்கச்சியைத் திரும்பப் பார்த்தவன் மாதிரி பாறையைக் கட்டிக்கொண்டேன். கால் வழுக்கியது. தியரி சரிதான்.

முட்டி உரிந்தது. அந்தப் பாறையைப் பற்றிப் பிறகு படித்தபோதுதான் வயிறெரிந்தது. கல்வராயன், சேர்வராயன் மலைகளில் நிறைந்திருப்பது சார்னகைட். கல்கத்தாவில் ஜாப் சார்நாக் என்ற கம்பெனி வெள்ளைக்காரரின் கல்லறைக் கல்லைப் பார்த்து, தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-இல் வைத்த பெயர். அந்தக் கல்லறைக்குக் கல் போனது எங்கள் பரங்கிமலை, பல்லாவரம் பக்கமிருந்து. அதாவது என்னை உரித்தது எங்கள் ஊர்க் கல்லின் சொந்தக்காரன். வெளியூரில் ஊர்க்காரன் என்றால் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ள வேண்டாமா?

மச்சான் செருப்பைக் கழற்றிப் பாறையடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு மேலே போய் உட்கார்ந்துகொண்டார். நான் வந்துசேரும்வரை பொழுதுபோக வரலாறு சொன்னார். இந்த மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்ததாம். 1976-இல்தான் ஜாகீர் ஒழிந்து அரசாங்கம் எடுத்துக்கொண்டது. "அதுக்கப்புறம்தான் சார் உங்க ஆளுங்க மேல ஏறி வர ஆரம்பிச்சாங்க" என்றவர், நாலு காலில் நிற்கிற என்னைக் குனிந்து பார்த்தார். "இன்னும் வந்துட்டேதான் இருக்காங்க."

இரண்டாவது பாறையை எப்படி ஏறினேன் என்பதை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். அவர் துண்டு கொஞ்சம் நீளமானது என்பதோடு விட்டுவிடலாம்.

முகடு! காற்று சட்டையைப் பிடுங்கியது. சுற்றிலும் மலை மடிப்புகள், கிழக்கே சமவெளி, அதில் எங்கேயோ என் ஜன்னல். கைகளை விரித்து நின்றேன். "மச்சம்யா உனக்கு" என்று எனக்கே சொல்லிக்கொண்டு செல்பிக்குத் திரும்பினால், பிரேமுக்குள் ஒரு பையன்.

பாறையின் அந்தக் கோடியில், குடையை விரித்து வைத்து, நிழலில் போனை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் சான்றிதழ்கள். மச்சானின் அக்கா மகன். பிளஸ் டூ முடித்திருக்கிறான். "கீழ டவர் கிடைக்காது சார். இங்கதான் ரெண்டு கோடு வரும்" என்றார் மச்சான். "தினம் வந்துடுவான்."

தினம். நான் வாடகைக் காசில் ஷூ வாங்கி, கடுக்காய் மென்று, முட்டி உரிந்து வந்துசேர்ந்த சிகரம் இவனுக்கு பிரவுசிங் சென்டர்.

"மாமா, இவர்தானா சுகமாணோ சார்?" என்றான். பிறகு மரியாதையாக எழுந்து போனை என்னிடம் நீட்டினான். "சார், இது எப்ப சார் மாறும்?"

சாதிச் சான்றிதழ் விண்ணப்பம். காலேஜில் சேர அது வேண்டும். திரையில், 'பரிசீலனையில் உள்ளது'. விண்ணப்ப எண்ணைப் பார்த்தேன். அந்த வரிசை எண்கள் எந்த அலுவலகத்துக்கு, எந்த மேஜைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். ஜன்னலோர மேஜை. டவர் சரியில்லை போலிருக்கிறது என்று போனை ஆட்டிப் பார்த்தேன். இரண்டு கோடும் நன்றாகத் தெரிந்தன.

மச்சான் தூக்குவாளியைத் திறந்தார். சாமைச் சோறு, துவையல். என் பையில் பதினாறு வகைச் சத்துள்ள பார் ஒன்று உருகி, கவரோடு ஒட்டிக் கிடந்தது. மூன்று பேரும் சாமைச் சோற்றைச் சாப்பிட்டோம். நான் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டேன். அன்றைக்கு மட்டும் ஏனோ அதிகம் இறங்கவில்லை.

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம் என்று புத்தகத்திலும் போட்டிருக்கிறது. ஏறும்போது பிடி கண்ணுக்குத் தெரியும். இறங்கும்போது அது பாதத்துக்குக் கீழே எங்கேயோ இருக்கும். பாறையைப் பார்த்துத் திரும்பி, காற்றில் காலைத் துழாவிக்கொண்டு தொங்கினேன். பையன் எனக்குக் கீழே நின்று என் குதிகாலைப் பிடித்து, ஒவ்வொரு படியாக எடுத்து வைத்தான். "இடது கால் சார்... இன்னும் கீழ... இருங்க, அவசரப்படாதீங்க... வச்சாச்சு. இப்ப அடுத்தது." ஒரு தடவைகூட, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. சான்றிதழ் பேச்சையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கடைசிச் சரிவில் அவன் உதவி வேண்டாம் என்று உட்கார்ந்தே வழுக்கி வந்தேன். பேண்ட் பின்னால் கிழிந்தது. மச்சான் பெருந்தன்மையாகத் தன் துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். ஏறியதும் அந்தத் துண்டில், ஊர் திரும்பியதும் அந்தத் துண்டில்.

பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தபடி பையனிடம் உருப்படியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மனசில் இருந்தது ஒன்று. வந்தது வேறு.

"திங்கட்கிழமை வந்து பாருப்பா."

பையன் மாமாவைப் பார்த்தான். மாமா என்னைப் பார்த்தார்.

"எங்க சார் வரட்டும்? ஆபீசுக்கா, பாறைக்கா?"