கரை சேராத துடுப்பண்ணன்

ஜெலுத்தோங் அடுக்குமாடி ஒன்றில், ஐம்பதைத் தாண்டிய ஓர் அண்ணன் நடுக்கூடத்தில் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஜார்ஜ்டவுனில் இந்த வகையறா பெருகிவிட்டது. டாக்டர் சர்க்கரை அளவைச் சொன்ன மறுவாரமே துடுப்பு இயந்திரம் லிஃப்டில் ஏறி வந்துவிடும். முட்டிக்கு நல்லது, மழை, புகைமூட்டம் பற்றிய கவலை இல்லை, தவணையிலும் கட்டலாம் என்று அண்ணன் அடுக்குவார். அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "தீபாவளிக்கு வர்றவங்க எங்க உக்காருவாங்க?"

இயந்திரம் டிவியைப் பார்த்து இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் பால்கனி, அதற்கும் பின்னால் கடல். துடுப்புப் படகு முதுகுப்பக்கமாகத்தான் நகரும் என்பதால், கணக்குப்படி அண்ணன் தினமும் கடலை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறார். அந்தக் காலத்தில் இதே கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சூலியாப் படகோட்டிகள் சரக்கும் ஆளும் ஏற்றி ஓட்டினார்கள். அவர்களுக்குக் கலோரி காட்டும் திரை கிடையாது, கூலிதான் கணக்கு.

இந்த இயந்திரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட்டில், படகுப் போட்டி வீரர்களான டிரைசிகாக்கர் சகோதரர்கள் 1981இல் சைக்கிள் சக்கரத்தை வைத்து ஒன்றைச் செய்து கான்செப்ட்2 என்ற பெயரில் விற்றார்கள். குளிர்காலத்தில் அங்கே ஆறு உறைந்துபோகும். படகு விட முடியாது. பினாங்கில் ஐஸ் கச்சாங்கைத் தவிர எதுவும் உறைவதில்லை. அதெல்லாம் அண்ணனுக்குப் பொருட்டில்லை. அவரிடம் இருப்பது அதே பாணியில் வேறெங்கோ செய்தது. ஆனால் வலி அசல்.

வலி கணுக்காலில். எப்படி வந்தது என்று அவரைக் கேட்டால் செருப்பு, ஏர்கான், முந்தாநாள் சாப்பிட்ட கத்தரிக்காய் என்று வரிசையாகச் சொல்வார். உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் பார்த்தால் நமக்கே தெரிந்துவிடும். பாதப்பலகையின் வார், விரல்கள் மடங்கும் அகலமான இடத்தின் மேல் படிய வேண்டும். அண்ணன் அதைக் கணுக்காலுக்குப் பக்கத்தில் ஏற்றி, சந்தைக்குப் போகும் சேவலின் காலைக் கட்டுவதுபோல் இறுக்கியிருக்கிறார். முன்னால் வரும்போது முழங்காலுக்குக் கீழே கால் செங்குத்தாக நின்றதும் நிறுத்திக்கொள்ள வேண்டும். குதிகால் லேசாக எழும்பினால் குற்றமில்லை. அண்ணனோ இருக்கை குதிகாலில் முட்டும்வரை வருவார். பல வருஷமாக மடங்கிப் பழக்கமில்லாத கணுக்காலை அந்தக் கோடிவரை மடக்கி, மொத்த உடம்பையும் விரல் நுனியில் ஏற்றி, அங்கிருந்து ஓர் உதை. குதிகால் தசைநார் என்னதான் செய்யும்?

சக்கரக் கூட்டின் ஓரத்தில் 1 முதல் 10 வரை ஒரு நெம்புகோல் உண்டு. உள்ளே எவ்வளவு காற்றை விடுவது என்பதுதான் அதன் வேலை. காற்று கூடினால் சக்கரத்தின் வேகம் சீக்கிரம் குறையும், ஒவ்வோர் இழுப்பும் கனக்கும். நன்றாகப் பழகியவர்களே பெரும்பாலும் 3, 4, 5இல் வைத்துத்தான் இழுக்கிறார்கள். பிசியோதெரபி படிக்கும் மகள் இதைச் சொன்னாள். வாரைக் கீழே இறக்குங்கள், மெத்தென்ற தடித்த சப்பாத்து கால் ஆடவிடும், பழைய பள்ளிக்கூட கேன்வாஸ் சப்பாத்துபோல் தட்டையானதைப் போடுங்கள், வலி போகும்வரை ஓய்வெடுங்கள் என்றும் சொன்னாள்.

"மூணு, நாலெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு லா. அப்பாவுக்குப் பத்துதான்."

சொந்த மகள் இலவசமாகச் சொல்வது எப்படி வைத்தியமாகும்? மலேசியாவின் இன ஒற்றுமையை அந்தக் கணுக்காலில் பார்க்கலாம். மேல்மாடிச் சீன அங்கிள் கைகாட்டிய சின்சே போட்ட கறுப்புப் பத்து. எதிர்வீட்டு மக்சிக் கொடுத்த மிஞ்ஞாக் ஊருட். அதற்கும் மேலே அவராகத் தடவிய கோடாலித் தைலம். அண்ணன் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் அடுத்த லிஃப்டுக்கு நிற்கிறார்கள்.

வலியால் அவருக்கு நஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். நாசி கண்டார் கடைக்குள் நொண்டிக்கொண்டு நுழையும்போதே ஒரு விளையாட்டு வீரரின் களை வந்துவிடுகிறது. "சைக்கிள் ஓட்டறவனுக்கு முட்டி, நமக்குக் கணுக்கால். ஸ்போர்ட்ஸ்னு இறங்கிட்டா இதெல்லாம் இருக்கும் பாய். இன்னிக்கு 200 கலோரி எரிச்சிருக்கேன். கணவாய் வைங்க, மீன்சினை ஒண்ணு. சோறு கொஞ்சம் போதும், கறி மட்டும் பஞ்சிரா ஊத்துங்க." பிறகு சர்க்கரை நினைவுக்கு வரும். "தே ஓ கொசோங்!"

தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோவிலுக்கு 513 படி. தைப்பூசத்தன்று மூச்சு வாங்காமல் ஏறிவிட வேண்டும் என்றுதான் இயந்திரமே வீட்டுக்கு வந்தது. முன்பெல்லாம் ஏறாததற்குத் தொப்பைதான் காரணம். அதை வெளியே சொல்ல முடியாது. இந்த முறை கணுக்கால் இருந்தது. சாலையோரப் பந்தலில் நாற்காலி போட்டு, மோர் டம்ளரும் கையுமாக, போகிற வருகிறவர்களிடமெல்லாம் காலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிறைவு.

போன வாரம் மூன்றாவது மாடித் தம்பியும் ஓர் இயந்திரம் வாங்கியிருக்கிறான். பெட்டியைப் பிரிக்கும் முன்பே அண்ணன் அங்கே ஆஜர்.

"வாரை நல்லா மேல ஏத்தி இறுக்குங்க தம்பி. பத்துல வைங்க. கணுக்கால்ல வலி வரும், பயப்படாதீங்க. வரலேன்னா சொல்லுங்க, நான் வந்து பாக்கிறேன்."