பொம்மைக்கு வந்த வாழ்வு

ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வெளியே நின்றால் நீளமான மதில்தான் தெரியும். உள்ளே புது வண்டிகளை விரட்டிப் பார்க்கத் தனிப்பாதை, மோதவிட்டுப் பார்க்கத் தனிக்கூடம். காருக்கு நட்சத்திரம் கொடுக்கும் 'பாரத் என்கேப்' திட்டம் 2023 அக்டோபர் 1-ல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அந்தத் திட்டப்படி, மோதலுக்கு அனுப்பும் காரின் பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்றரை வயது, மற்றதற்கு மூன்று. க்யூ 1.5, க்யூ 3 என்று பெயர். பொம்மைகள்தாம். ஆனால் அவற்றுக்கு நடக்கும் ராஜ உபசாரத்தைக் கேளுங்கள்.

மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் கார் போய் முட்டும். முட்டிய கணத்தில் மூன்று வயதுப் பிள்ளையின் கழுத்து எவ்வளவு இழுபட்டது, நெஞ்சு எவ்வளவு அதிர்ந்தது என்று நொடியை ஆயிரமாக அரிந்து அளப்பார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்றே தனியாக 49 மதிப்பெண். சோதனைக்கு முன்பு பொம்மை இருக்கிற அறையில் சூடு கூடவோ குறையவோ கூடாது. தலை எங்கே இடித்தது என்று தெரிவதற்காக முகத்தில் வண்ணம் பூசி அனுப்புவார்கள். அடிபட்ட பிள்ளையின் முகத்தை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிற கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் அதைவிடப் பத்திரமான பிள்ளை கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அங்கிருந்து வல்லக்கோட்டை கூப்பிடு தூரம். செவ்வாய்க்கிழமைகளில் முருகன் கோயிலில் கூட்டம் நெரியும். மூலவர் ஏழடி உயரம் என்பது ஊரின் பெருமை. குழந்தைத் தெய்வத்துக்கு எதற்கு ஏழடி என்று முன்பெல்லாம் யோசித்திருக்கிறேன். இப்போது புரிகிறது. இந்தச் சாலையில் ஒரு பிள்ளை பெரியவர்கள் கண்ணில் பட வேண்டுமானால் அவ்வளவு உயரமாவது இருந்தாக வேண்டும்.

கோயிலைத் தாண்டிச் செங்கல் லாரிகள் போகும். இருங்காட்டுக்கோட்டை, மாம்பாக்கம், பிள்ளைப்பாக்கம், வல்லம்–வடகால் என்று சிப்காட் முளைத்த திசையெல்லாம் மதில் வேண்டும், குடோன் வேண்டும், வடக்கிலிருந்து வந்த பையன்களை அடைக்க லைன் வீடு வேண்டும். காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகள் ஓய்வதில்லை. கல் அறுப்பதற்கு மேற்கு ஒடிசாவின் பொலாங்கீர், நுவாபாடா பக்கமிருந்து ஆட்கள் வருவார்கள். அறுவடைப் பண்டிகை முடிந்ததும் அந்த ஊர்களில் முன்பணம் கைமாறும். ஆளுக்கு இவ்வளவு என்று கொடுப்பதில்லை, செட்டுக்கு இவ்வளவு. அந்தச் செட்டுக்கு அவர்கள் ஊரில் 'பதுரியா' என்று பெயர். புருசன், பெண்டாட்டி, கூட ஒன்றிரண்டு பிள்ளை. பிள்ளை எதற்கு? ஈரக் கல்லைக் காய வைக்கும்போது திருப்பிப் போட வேண்டும். பெரியவர் கால் பட்டால் கல் நெளியும். பிள்ளைக்கு எடை இல்லை. சாப்பாடு போதாமல் எடை குறைந்த பிள்ளை என்று அங்கன்வாடி அட்டையில் சிவப்பாகக் குறிக்கிறார்களே, அதையே தகுதியாக எடுத்துக்கொள்ளும் உத்தியோகம் உலகத்தில் இது ஒன்றுதான்.

ஒரு சூளையில் அப்படி ஒரு பெண்பிள்ளையைப் பார்த்தேன். பதினோரு வயது. குத்துக்கால் போட்டு வரிசை வரிசையாகத் திருப்பிக்கொண்டே போனாள். மேஸ்திரி ஓடி வந்தார்.

"வேலைக்கு வந்த புள்ள இல்ல சார். கூட வந்த புள்ள."

"கூட வந்த புள்ள ஏன் கல்லைத் திருப்புது?"

"சும்மா உக்காந்தா அதுக்கே போர் அடிக்கும் சார்."

கூட வந்த பிள்ளை. எத்தனை சட்டப் புத்தகம் புரட்டியிருப்பேன், இவ்வளவு கச்சிதமான சொல் எதிலும் இல்லை. கூலிப் பதிவேட்டில் அவள் பெயர் கிடையாது, கூட வந்தவள். பள்ளிப் பதிவேட்டிலும் கிடையாது, டிசம்பரில் கூட வந்தவள், ஜூனில் கூடவே போகிறவள். இங்கே பள்ளி திறக்கும்போது ரயிலில் இருப்பாள். அங்கே பாடம் நடக்கும்போது இங்கே சேற்றில் இருப்பாள். 2010 ஏப்ரல் 1 முதல் ஆறு வயதிலிருந்து பதினான்கு வரை கல்வி அடிப்படை உரிமை. அந்த உரிமையை இரண்டு மாநிலமும் பந்தாக உதைத்து விளையாடுகின்றன, கோல் மட்டும் விழுவதில்லை.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தில் சில சூளைகளின் பக்கத்திலேயே பள்ளி வைத்து, ஒடியா பாடப்புத்தகம் வரவழைத்து, ஒடியா தெரிந்த ஆசிரியரை அமர்த்திப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. அதனால்தான் கோபம் கூடுகிறது. முடியாத காரியம் என்றால் அழுதுவிட்டுப் போகலாம். முடிகிற காரியத்தைச் செய்யாமல் விட்டுவிட்டு, குழந்தைத் தொழில் எதிர்ப்பு நாளான ஜூன் 12 வந்தால் நெஞ்சில் கை வைத்து உறுதிமொழி எடுக்கிறோம். (உறுதிமொழிக் கூட்டத்துக்கு டீ கொண்டுவரும் பையனைப் பற்றிய ஜோக்கை இங்கே எதிர்பார்க்காதீர்கள். நாற்பது வருடமாக அவனை ஜோக்கில் வேலை வாங்குகிறோம், அதற்கும் கூலி கொடுத்ததில்லை.)

சட்டம் இல்லையா? அடுக்கி வைத்தால் சூளைக்கல் தோற்கும். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். 1979-ல் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், 2025 வரை தனியாக இருந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 2016-ல் அதைத் திருத்தி, பதினான்குக்குக் கீழே யாரையும் எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றார்கள். நாம் கைதட்டி முடிப்பதற்குள் பின்னாலேயே ஒரு சந்து திறந்தார்கள்: பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம், ஆபத்தில்லாத வேலையாக இருந்தால் போதும். சூளை குடும்பத் தொழில் ஆகாது என்று வக்கீல் சொல்வார். சூளைக்காரருக்கு அது குடும்பம் குடும்பமாக வந்து செய்கிற தொழில். சொல் ஒன்றுதானே, பொருளை யார் போய்ப் பார்க்கிறார்கள்?

இந்தச் சந்து வெட்டும் கலை நமக்குப் புதிதல்ல. ஐ.நா. பொதுச்சபை 1989 நவம்பர் 20-ல் குழந்தை உரிமை உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா 1992 டிசம்பரில் சேர்ந்தது. சேரும்போதே, எல்லா வேலைக்கும் குறைந்தபட்ச வயதை உடனடியாக நிர்ணயிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது, படிப்படியாகச் செய்கிறோம் என்று ஒரு விளக்கக் குறிப்பையும் நீட்டியது. அந்த 'உடனடி' முப்பது ஆண்டைத் தாண்டிவிட்டது. அன்று கல் திருப்பிய பிள்ளை இன்று பாட்டியாகியிருக்கக்கூடும். படிப்படியாகத்தான் ஏறுகிறோம், படி எங்கே போகிறது என்று கேட்கக் கூடாது. 2025-க்குள் எல்லா வடிவத்திலும் குழந்தைத் தொழிலை ஒழிப்போம் என்று உலகத் தலைவர்களெல்லாம் கூடிச் சொன்னார்கள். கெடு ஆண்டான 2025 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃப்பும் கணக்கு வெளியிட்டன: உலகில் இன்னும் 13 கோடியே 80 லட்சம் பிள்ளைகள் வேலையில்.

நம் கணக்கு எவ்வளவு என்கிறீர்களா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து முதல் பதினான்கு வயதுவரை ஒரு கோடிக்கு மேல். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கைக் கொரோனா என்று தள்ளினோம். தள்ளித் தள்ளி 2027-க்குக் கொண்டுபோனோம். எண்ணாத பிள்ளை பட்டினி கிடப்பதில்லை, அடிபடுவதில்லை, செத்தாலும் புள்ளிவிவரத்தைக் கெடுப்பதில்லை. இந்த நாட்டில் பிள்ளைகளை ஒழுங்காக எண்ணுகிற ஒரே அதிகாரி மேஸ்திரிதான். முன்பணம் கொடுக்கும்போதே எண்ணிவிடுகிறார். வயது, உயரம், கைவேகம் எல்லாம் அவர் நோட்டில் உண்டு. ஆசிரியர் மாதிரி வருகைப் பதிவும் எடுக்கிறார், ஒருநாள் விடுப்புக்குக் கூட விளக்கம் கேட்கிறார். நல்லாசிரியர் விருதுக்கு யாராவது பரிந்துரைக்கலாம்.

கம்பெனிகளின் அக்கறை தனி ரகம். இந்தச் சாலையில் ஓடும் ஒரு காரில் ஒரு திருகாணி தளர்ந்தால், அது எந்த ஆலையில், எந்த ஷிப்டில், எந்தப் பெட்டியிலிருந்து எடுத்து முடுக்கியது என்று திரும்பிப் போய்க் கண்டுபிடிக்க முடியும். காருக்குப் பதினேழு எழுத்தில் பிறப்புச் சான்றிதழே இருக்கிறது. வாசலில் 'இந்நிறுவனத்தில் குழந்தைத் தொழிலாளர்கள் பணியமர்த்தப்படவில்லை' என்று பலகை. பொய்யென்று சொல்ல மாட்டேன். தணிக்கை செய்ய வருகிறவர் திருகாணி வரைக்கும் போகிறார். திருகாணியைச் சுற்றி நிற்கிற சுவர் வரைக்கும் வருவதில்லை. சுவர் ஏற்றுமதி ஆவதில்லை அல்லவா?

ஆக, சட்டமும் பலகையும் சேர்ந்து ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கின்றன. பிள்ளையை வேலையிலிருந்து காப்பாற்றவில்லை. சரக்கைப் பிள்ளையிடமிருந்து காப்பாற்றியிருக்கின்றன.

எப்போதாவது மீட்கிறோம். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர்களை மீட்டார்கள். அதில் 16 பேர் பிள்ளைகள். ஆயிரம் ரூபாய்க் கடனுக்காக ஆண்டுக்கணக்கில் கிடந்த ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் நாடெங்கும் சுற்றியது. நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பகிர்ந்தோம். அந்தப் பதினாறு பேர் இன்று என்ன வகுப்பு என்று பகிர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2016-ன் மறுவாழ்வுத் திட்டத்தில் மீட்ட பிள்ளைக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. கையில் உடனே தருவது முதலில் 20,000, பிறகு 30,000 ஆக்கினார்கள். மீதிக்கு, அடிமையாக வைத்திருந்தவருக்குத் தண்டனை கிடைக்க வேண்டும். அதாவது பிள்ளையின் பள்ளிக்கூடப் பைக்கு முதலாளி ஜெயிலுக்குப் போயாக வேண்டும். நம் கோர்ட்டுகள் போகிற வேகத்தில் அந்தப் பணம் வரும்போது பிள்ளைக்குப் பிள்ளை பிறந்து அதுவும் கூட வந்திருக்கும்.

பிள்ளைகளை மறப்பதில் இந்த மண்ணுக்குப் பழக்கமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் நெடுஞ்சாலையோரம் ராஜீவ் காந்தி நினைவிடம் இருக்கிறது. ஏழு தூண்கள், ஒவ்வொன்றும் ஓர் உயர்ந்த பண்பின் பெயரால். 1991 மே 21 இரவு அந்த இடத்தில் குண்டு வெடிப்பதற்குச் சற்று முன்பு ஒரு சிறுமி தலைவருக்குக் கவிதை வாசித்துக் காட்டினாள். அம்மாவோடு வந்தவள், அம்மாவோடு செத்தாள். போரைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவர்களுக்கும் அவள் கணக்கில் இல்லை, அந்த ரத்தத்தை ஓட்டாக மாற்றியவர்களுக்கும் இல்லை. அவளும் கூட வந்த பிள்ளை.

எல்லாப் பிள்ளைகளையும் மறந்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நல்ல திட்டம், சந்தேகமே வேண்டாம். 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளிலெல்லாம் காலையில் அடுப்பு எரிகிறது. காமராசர் 1956-ல் மதியத்துக்கு ஏற்றிய அடுப்பு காலைக்கும் வந்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தானே கிச்சடி. சூளைப் பிள்ளைக்குக் காலையில் என்ன என்று அவளிடமே கேட்டேன். தமிழ் அவ்வளவாக வராது. கையை வாய்ப்பக்கம் கொண்டுபோய், பிறகு வானத்தைக் காட்டினாள். வெயில் ஏறின பிறகு என்கிறாளா, கடவுளைக் கேள் என்கிறாளா, தெரியவில்லை.

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. மீட்பு, மறுவாழ்வு, உறுதிமொழி எல்லாம் இருக்கட்டும். இந்தப் பிள்ளைகளைப் பொம்மைகள் என்று அரசாணை போட்டு அறிவித்துவிடுங்கள். க்யூ 8, க்யூ 11 என்று எண் கொடுங்கள். பொம்மை என்றதும் தர நிர்ணயம் வரும், ஆண்டுக்கொரு சோதனை வரும், அறைக்கு ஏ.சி. வரும். யாராவது கைதவறிக் கீழே போட்டால் அறிக்கை கேட்பார்கள். தலையில் இடித்த இடம் எது என்று வெள்ளைச் சட்டைக்காரர் நாலு பேர் குனிந்து பார்ப்பார்கள். சேறு பூசிய முகத்தில் அதைக் கண்டுபிடிப்பதும் சுலபம்.

சீசன் முடிந்து அவர்கள் ஊருக்குப் போகிற அன்று சென்ட்ரலில் இருந்தேன். மூட்டை, பாத்திரம், ஒரு பழைய டேபிள் ஃபேன், அதற்கு நடுவில் அவள். மேஸ்திரி நோட்டை விரித்து ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். ரயில்வேயில் ஐந்து வயது முதல் பன்னிரண்டு நிறையும் வரை, படுக்கை கேட்காவிட்டால் அரை டிக்கெட். படுக்கை கேட்டால் முழுக் கட்டணம் என்று 2016 ஏப்ரலில் மாற்றிவிட்டார்கள். மேஸ்திரி படுக்கை கேட்கவில்லை. அவள் பெயருக்கு நேரே 'அரை' என்று எழுதினார்.

"இன்னும் அரைதானா மேஸ்திரி?" என்றேன்.

"அடுத்த வருசம் முழு ஆள் ஆயிடும் சார்" என்றார், நோட்டை மூடிக்கொண்டே.